பதினோரு அங்குலம்

டெட்ராய்ட் புறநகரில் தமிழர்கள் நாலு பேர் பொங்கல் விழாவிலோ பிறந்தநாள் விருந்திலோ தட்டும் கையுமாக ஒரு மூலையில் சேர்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் கார் கம்பெனியில் வந்து நிற்கும். பாதிப் பேருக்கு அங்கே வேலை, மீதிப் பேருக்கு அந்தக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் இடத்தில் வேலை. வேறு எதைப் பேசுவது? அந்தப் பேச்சில் யாராவது ஒருவர் தவறாமல் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. "எழுபதுகள்ல இவங்க நல்லா தூங்கிட்டாங்க சார். கப்பல் கப்பலா கார் செஞ்சுக்கிட்டே இருந்தாங்க. பெட்ரோல் விலை ஏறுச்சு, ஜப்பான்காரன் சின்னக் காரோட வந்து இறங்கினான், அவ்ளோதான்." சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். அடுத்த ஈடு வடை வரும். எனக்கு மட்டும் அந்த இடத்தில் நெருடும். தூங்கிக்கொண்டிருந்தவன் எப்படி ஜெனரல் மோட்டார்ஸின் 1977 மாடல் ஷெவர்லே கேப்ரிஸைச் செய்திருப்பான்? அங்கேயே கேட்டால் விருந்து கெட்டுவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், சில மாதங்களில் பீப்பாய் விலை ஏறத்தாழ நாலு மடங்கானதும், அமெரிக்காவின் பெட்ரோல் பங்க்குகளில் தெருமுனை வரை வரிசை நின்றதும் தெரிந்த கதை. 1974இல் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) விற்ற கார்களின் சராசரி, காலனுக்கு 12 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 5 கிலோமீட்டர். அமெரிக்கக் கம்பெனிகளிலேயே அதுதான் மட்டம். 1975 டிசம்பரில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு (கார் ஃபோர்டுக்கும் இவருக்கும் உறவில்லை) ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 1978 மாடல்களுக்குச் சராசரி 18 மைல், 1985க்குள் 27.5 மைல். இலக்கு தனித்தனிக் காருக்கு இல்லை, ஒரு கம்பெனி அந்த வருடம் விற்கும் அத்தனைக் கார்களுக்கும் சேர்த்து. அதில் 0.1 மைல் குறைந்தாலும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 5 டாலர் அபராதம். ஐந்து டாலர்தானே என்று தோன்றும். வருடத்துக்கு ஐம்பது லட்சம் கார் விற்கிறவன் ஒரு முழு மைல் பின்தங்கினால் 25 கோடி டாலர்.

ஆனால் சட்டத்துக்குப் பயந்துதான் ஜி.எம். காரைச் சுருக்கியது என்று சொல்லவும் வழியில்லை. 1977 மாடலாகச் சுருக்கிய கார்கள் 1976 இலையுதிர்காலத்தில் கடைக்கே வந்துவிட்டன (அங்கே மாடல் வருடம் முந்தைய இலையுதிர்காலத்திலேயே தொடங்கிவிடும்). அந்தக் காலத்தில் ஒரு காரைப் புதிதாக வரைந்து, களிமண்ணில் மாதிரி செய்து, தகடு அடிக்கும் அச்சுகளை வெட்டி, தொழிற்சாலையின் உற்பத்தி வரிசைகளை மாற்றி முடிக்க மூன்று வருடமாவது ஆகும். பின்னோக்கிக் கணக்குப் போட்டால், சட்டம் வருவதற்கு வெகு முன்னால், எண்ணெய் நின்ற சூட்டோடு சூடாக முடிவெடுத்திருக்க வேண்டும். அப்படித்தான் எடுத்தார்கள். அதிலும் எங்கிருந்து தொடங்கினார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். சின்னக் காரிலிருந்து தொடங்கவில்லை. இம்பாலா, கேப்ரிஸ், போன்டியாக் போன்வில், ஓல்ட்ஸ்மொபீல் 88, ப்யூக் எலெக்ட்ரா, கேடிலாக் டி வில் என்று, கம்பெனிக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த பெரிய கார்கள் அத்தனையிலும் ஒரே வருடத்தில் கை வைத்தார்கள். ஷெவர்லே முதல் கேடிலாக் வரை, ஜி.எம்.மின் ஐந்து பிராண்டு கடைகளிலும் ஒரே நேரத்தில்.

உட்வர்ட் தெருவில் ஒரு அண்ணனும் தம்பியும்

ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கும். பெட்ரோல் வாசனையும் வெயிலும் பிடிக்காதவர்கள் அன்று அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. எல்லோரும் அறுபதுகளின் மஸ்டாங்குக்கும் கமாரோவுக்கும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நான் போனபோது ஒரு கடையின் வாகன நிறுத்தத்தில் யாரும் சீண்டாத இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன: ஒன்று 1976 கேப்ரிஸ், இன்னொன்று 1977. மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இரண்டு பெரியவர்கள் அண்ணன் தம்பி. அண்ணனுடையது பழையது, தம்பியுடையது புதியது. புதியது என்றாலும் ஐம்பது வயசை நெருங்கியதுதான். எது நல்ல கார் என்ற சண்டை அவர்களுக்குள் இன்னும் முடியவில்லை என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

எண்ணிக்கையில் வித்தியாசம் இவ்வளவுதான். பழைய கேப்ரிஸ் ஏறத்தாழ 223 அங்குலம், அதாவது பதினெட்டரை அடி. புதியது 212. பதினோரு அங்குலம் போயிற்று. அகலத்தில் நாலு அங்குலம், எடையில் 600 பவுண்டுக்கு மேல். உயரம் மட்டும் ஒன்றரை அங்குலம் கூடியிருக்கிறது. இது நான் முன்பே படித்ததுதான். ஆனால் படித்ததை உட்கார்ந்து பார்ப்பது வேறு விஷயம். அண்ணனின் காரில் பின்கதவை மூட இழுத்தபோது தோள் வரை வேலை வாங்கியது. உட்கார்ந்தால் இருக்கை தாழ்வு, கால் முன்னால் நீண்டு போகிறது, அரைப் படுக்கை. கதவின் தடிமன் கிட்டத்தட்ட ஒரு சாண், அதில் பெரும்பகுதி வெறும் காற்று. அந்தத் தலைமுறைக் கார்களில் பக்கத் தகடு வயிறு தள்ளி வெளியே வந்திருக்கும், கண்ணாடி உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். வெளியே எண்பது அங்குல அகலம் இருந்தாலும் அதில் கணிசமான பகுதி நமக்கு வராது.

தம்பியின் காரில் நாற்காலியில் உட்காருவதுபோல நிமிர்ந்து உட்கார முடிந்தது. இருக்கையைக் கொஞ்சம் உயர்த்தி, கூரையையும் உயர்த்தினால், கால் நீளாமல் கீழே மடங்கும். அதே ஆள் உட்கார, காரின் நீளம் அவ்வளவு தேவைப்படாது. பக்கத் தகடு நேராக நிற்கிறது, கதவு மெலிந்திருக்கிறது, கண்ணாடியும் நேர். விளைவு, வெளியே நாலு அங்குலம் இழந்த காரில் உள்ளே தோளுக்கு இடம் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. பின்சீட்டில் காலுக்கும் தலைக்கும் இன்னும் தாராளம். தம்பி என்னை இறங்கச் சொல்லி டிக்கியைத் திறந்து காட்டினார். பழைய டிக்கி நீளம், ஆனால் ஆழமில்லை. புதியதில் நடுவில் ஆழமான குழி. "இதில் பெட்டியை நிறுத்தி வைக்கலாம், அவனுடையதில் படுக்கத்தான் வைக்க முடியும்" என்றார். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஆனால் என் கார் வந்தால் தெருவில் ஒதுங்கி வழிவிடுவார்கள்" என்றார். அன்று கேட்டதிலேயே உருப்படியான வாதம் அதுதான் என்று நினைக்கிறேன். பின்னால் அதற்கு வருகிறேன்.

எது தேவையோ அதை விட்டுவிட்டு மற்றதை வெட்டினார்கள் என்பதற்கு ஸ்டேஷன் வேகன்களைப் பார்த்தால் இன்னும் தெளிவு. 1971 முதல் 1976 வரை வந்த ஜி.எம்.மின் பெரிய வேகன்களில் பின்கதவு திறப்பது ஒரு வித்தை: கண்ணாடி மேலே கூரைக்குள் போய் ஒளியும், கதவு கீழே தரைக்கடியில் போய் ஒளியும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட அருமையான விஷயம். அந்த வேகன்களின் எடை 5,000 பவுண்டைத் தாண்டியது. 1977இல் அந்த வித்தையைத் தூக்கிவிட்டு, கீல் வைத்த சாதாரணக் கதவைப் போட்டார்கள். மளிகைப் பை ஏற்றுகிறவருக்கு ஒரு குறையும் வரவில்லை.

1976 இலையுதிர்காலம்

எனக்குப் பிடித்த கட்டம் இது. டீலரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். நாலு வருடத்துக்கு ஒரு தடவை இம்பாலா மாற்றுகிற வாடிக்கையாளர் உள்ளே வருகிறார். போன தடவை வாங்கியதைவிட இது ஒரு அடி குறைவு, ஆனால் விலை குறையவில்லை, கொஞ்சம் கூடியிருக்கிறது. அடிப்படை மாடலில் ஆறு சிலிண்டர் எஞ்சின்தான். போன வருடம் வரை கேட்டால் கிடைத்த 454 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் இனிமேல் கிடையாது. கேடிலாக் கடையிலோ 500 கன அங்குல எஞ்சின் 425 ஆகிவிட்டது, வண்டியின் நீளத்தில் ஒன்பதரை அங்குலம் போய்விட்டது, எடையில் 900 பவுண்டுக்கு மேல் காணோம். அமெரிக்காவில் அதுவரை கார் என்றால் வருடா வருடம் நீளும், அகலும், கனக்கும். தந்தை வாங்கியதைவிட மகன் பெரியது வாங்குவான். அந்த நம்பிக்கையின் மேல் கட்டிய கம்பெனிதான் ஜி.எம். திரும்பிப் போகவும் வழியில்லை, பழைய கார்களின் உற்பத்தியை நிறுத்தியாகிவிட்டது. ஃபோர்டு சும்மா இருக்குமா? எங்கள் பெரிய கார் எல்.டி.டி. இன்னும் அதே அளவில்தான் இருக்கிறது என்று விளம்பரம் செய்தார்கள்.

வாடிக்கையாளர் உட்கார்ந்து பார்த்தார், வாங்கிக்கொண்டு போனார். 1977 மாடல் வருடத்தில் ஷெவர்லேயின் பெரிய கார்கள் ஆறரை லட்சத்துக்கு மேல் விற்றன. அமெரிக்காவில் அந்த வருடம் அதிகம் விற்ற கார் அதுதான். மோட்டார் ட்ரெண்ட் பத்திரிகை கேப்ரிஸை வருடத்தின் சிறந்த கார் என்றது. நியாயமாகச் சொன்னால் ஃபோர்டுக்கும் அந்த வருடம் விற்பனை மோசமில்லை, பெரிய காரே வேண்டும் என்றவர்கள் அங்கே போனார்கள். ஆனால் 1979இல் ஃபோர்டும் எல்.டி.டி.யில் ஏறத்தாழ 15 அங்குலத்தை வெட்டியது. ஒரு வேடிக்கை: 1977இல் ஷெவர்லே கடையில் நடுத்தர வகை மான்டே கார்லோ இன்னும் பழைய உடலில்தான் வந்துகொண்டிருந்தது. அதன் நீளம் 213 அங்குலம். "பெரிய கார்" கேப்ரிஸைவிட நடுத்தரக் கார் ஒரு அங்குலம் நீளம்! யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. கூரை நிமிர்ந்திருந்தது, முன்னால் குரோம் கிரில் இருந்தது, பானெட் நீண்டிருந்தது, நாலு கதவு கனமாகச் சாத்தியது, ஆறு பேர் உட்கார முடிந்தது. பெரிய காருக்குரிய லட்சணங்கள் எதுவும் போகவில்லை. நீண்ட கார்களின் பித்தரான பில் மிட்செல் அப்போது ஜி.எம்.மின் வடிவமைப்புத் தலைவர். ஓய்வு பெறும் வேளையில் அவருக்கு இப்படி ஒரு வேலை வந்து சேர்ந்தது. மனசில்லாமல் செய்தாரோ என்னவோ, வேலை சுத்தம்.

அண்ணன் சொன்ன "ஒதுங்கி வழிவிடுவார்கள்" இங்கேதான் வருகிறது. கார் பெரியதா என்பதைத் தெருவில் யாரும் டேப் வைத்து அளப்பதில்லை. பக்கத்தில் நிற்கிற, விலை குறைந்த இன்னொரு காரோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள். 1977இல் ஐந்து கடைகளும் சேர்ந்து இறங்கியதால் படிக்கட்டு கலையவில்லை. ஷெவர்லேக்கு மேல் போன்டியாக், அதற்கு மேல் ஓல்ட்ஸ்மொபீல், ப்யூக், உச்சியில் கேடிலாக். எல்லாப் படியும் சம அளவு தாழ்ந்தால் உச்சிப் படியில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

இறங்காத கண்ணாடி

இத்தோடு கதை முடிந்திருந்தால் ஜி.எம்.முக்குச் சிலை வைத்திருப்பார்கள். அடுத்த வருடமே, 1978இல், நடுத்தரக் கார்களின் முறை வந்தது. மாலிபு, கட்லஸ், செஞ்சுரி. நீளத்தில் ஒரு அடி, எடையில் 500 பவுண்டு போல வெட்டினார்கள். இதுவும் நல்ல வேலைதான், ஒரு விஷயத்தைத் தவிர. நாலு கதவுக் கார்களில் பின்கதவுக் கண்ணாடி இறங்காது. கெட்டுப்போய் இறங்காமல் இல்லை, இறங்காதபடியே செய்திருந்தார்கள். கண்ணாடி இறங்கும் பொறி இல்லாவிட்டால் எடை மிச்சம், கதவுக்குள் இடம் மிச்சம், அந்த இடத்தில் பயணியின் முழங்கைக்கு ஒரு குழி கொடுக்கலாம், உள் அகலம் கூடியதாகக் காட்டலாம். காற்றுக்கு ஓரத்தில் சின்ன முக்கோணக் கண்ணாடி ஒன்று லேசாக விரியும். ஏ.சி. தனிக் காசு. ஜூலை மாதத்து டெக்சாஸில் பின்சீட்டில் மூன்று பிள்ளைகளோடு போனவர்கள் அந்த முழங்கைக் குழியைப் பாராட்டியிருப்பார்களா என்ன.

சின்ன விஷயம் என்று இதைத் தாண்டிப் போய்விடலாம். எனக்கோ கதை திரும்பும் இடமே இதுதான். 1977இல் வெட்டியது பயணிக்கு வந்து சேராத காற்றை. 1978இல் பயணி தினமும் கை வைக்கிற ஒன்றை எடுத்துவிட்டு, அதை வசதி என்று பெயர் சொல்லி விற்றார்கள். இரண்டையும் கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும்: இத்தனை பவுண்டு மிச்சம், இத்தனை டாலர் மிச்சம். அதே வருடம் கட்லஸ் சலோனுக்குச் சரிந்த முதுகு வைத்தார்கள். பார்த்தால் ஹேட்ச்பேக், ஆனால் பின்கண்ணாடி திறக்காது, ஒரு குட்டி டிக்கி மூடிதான். அதை வாங்க ஆளில்லை. அதே அடித்தளத்தில், நிமிர்ந்த கூரையோடு வந்த கட்லஸ் சுப்ரீம் கூப்பேயைப் போட்டி போட்டு வாங்கினார்கள். வாடிக்கையாளர் பாடம் நடத்திக்கொண்டுதான் இருந்தார். 1980இல் செடானுக்குப் பழையபடி நிமிர்ந்த கூரை திரும்பி வந்தது. கண்ணாடி திரும்பவில்லை.

படிக்கட்டும் உள்ளுக்குள் அரிக்கத் தொடங்கியிருந்தது. 1977இலேயே ஓல்ட்ஸ்மொபீல் வாங்கிய சிலர் பானெட்டைத் திறந்து பார்த்து, உள்ளே ஷெவர்லே எஞ்சின் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இல்லினாய் மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார், கம்பெனி இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தது. எஞ்சின் நல்ல எஞ்சின்தான். ஆனால் கூடுதல் காசு கொடுத்தவர் ஒரு படி மேலே நிற்பதற்குத்தானே கொடுத்தார்?

பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம், எனக்கே எழுத அலுப்பாக இருக்கிறது. மைலேஜுக்காகப் பெட்ரோல் எஞ்சினின் அளவுகளிலேயே செய்த ஓல்ட்ஸ்மொபீல் டீசல் வி8, ஹெட் கேஸ்கெட்டுகளை (எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடுகளை) ஊதித் தள்ளியது. 1979 ஏப்ரலில், ஈரான் புரட்சியால் மறுபடி பெட்ரோல் வரிசை நின்ற வருடத்தில், முன்சக்கர ஓட்டத்தோடு வந்த ஷெவர்லே சிட்டேஷன் முதல் மாடல் வருடத்திலேயே எட்டு லட்சம் விற்று, பிரேக் பிரச்சினையில் நீதிமன்றம் வரை போனது. ஷெவர்லேயின் சின்ன, மலிவுக் காரான கவாலியருக்குத் தோல் இருக்கை போட்டு கேடிலாக் சிமரோன் என்றார்கள். ஜப்பான்காரன் கதைக்கு இடம் உண்டென்றால் இந்தப் பக்கத்தில்தான் உண்டு. ஷெவர்லே வேகா, ஃபோர்டு பின்டோ என்று அமெரிக்கக் கம்பெனிகள் சின்னக் கார்களை அலட்சியமாகச் செய்து, முதல் கார் வாங்குகிற இளைஞர்களை டொயோட்டா, ஹோண்டா பக்கம் அனுப்பிவைத்தன. அந்த இடத்தில் தூக்கம் என்றால் ஒப்புக்கொள்வேன். கேப்ரிஸ் வாங்கியவர் கொரோலாவுக்கு ஓடவில்லை, அவருடைய மகள் ஓடினாள்.

அதே கம்பெனி, அதே யோசனை

1986 கேடிலாக் எல்டொராடோவைச் சொல்லாமல் விட முடியாது. 1979இல் அதை 224 அங்குலத்திலிருந்து 204க்குக் கொண்டுவந்தபோது விற்பனை நன்றாகவே நடந்தது. அந்தத் தைரியத்தில் 1986இல் இன்னும் 16 அங்குலம் வெட்டி 188 ஆக்கினார்கள். பெட்ரோல் காலனுக்கு 3 டாலர் ஆகும் என்று எண்பதுகளின் தொடக்கத்தில் போட்ட கணக்கு. கார் கடைக்கு வந்தபோது எண்ணெய் விலை சரிந்து, பெட்ரோல் ஒரு டாலருக்கும் கீழே போயிருந்தது. அதைக்கூட மன்னிக்கலாம், எண்ணெய் விலையை யார் சரியாகச் சொன்னார்கள்? மன்னிக்க முடியாதது வேறு. அதே கூரை, அதே பின்கண்ணாடி, அதே உடல்வாகுடன் ப்யூக் சாமர்செட்டும் ஓல்ட்ஸ்மொபீல் கலேயும் முந்தைய வருடமே, பாதி விலைக்கும் கீழே தெருவில் ஓடிக்கொண்டிருந்தன. எல்டொராடோ விற்பனை ஒரே வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. ஃபோர்டின் ஆடம்பரக் கார் பிராண்டான லிங்கன்காரர்கள் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் எடுத்தார்கள்: விருந்து முடிந்து வெளியே வருகிற பணக்காரர்கள் எது தங்கள் கேடிலாக், எது அடுத்தவர் ப்யூக் என்று தெரியாமல் திணறுவார்கள், லிங்கன்காரர் மட்டும் நேராகப் போய் ஏறுவார். இதைவிடச் சுருக்கமாக விஷயத்தை யாரும் சொல்ல முடியாது.

அதனால் நம் விருந்துக் கும்பலின் கதையை நான் இப்படி மாற்றிச் சொல்வேன்: ஜி.எம். சரியான நேரத்தில் எழுந்தது, அந்தப் பத்தாண்டின் சிறந்த வேலையைச் செய்தது, அதற்குப் பரிசாகக் கிடைத்த வெற்றியிலிருந்து தப்பான பாடத்தைப் படித்தது. 'நாம் எதை எடுத்தாலும் வாடிக்கையாளர் கூடக் காசு கொடுத்து வாங்குவார்' என்று 1977ஐ அவர்கள் படித்துக்கொண்டார்கள். நான் பார்க்கும் 1977 வேறு. என்ன எடுக்கக் கூடாது என்று அப்போது யாரோ வரைபலகையின் முன்னால் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறார்கள். அந்த ஆட்களுக்கு 1986இல் அறையில் இடமில்லை.

1977 கேப்ரிஸின் எலும்புக்கூடு பெரிய மாற்றமில்லாமல் 1990 வரை ஓடியது. பாதி நாட்டுக்குப் போலீஸ் காராக, நியூயார்க்கில் மஞ்சள் டாக்சியாக. 1991இல் அதே அடித்தளத்தின் மேல் உருண்டையான புது உடல் வைத்தார்கள், நீளம் மறுபடி கொஞ்சம் ஏறியது. 1996 டிசம்பரில் டெக்சாஸின் ஆர்லிங்டன் தொழிற்சாலையில் அந்த வகையின் கடைசிக் கார் வெளிவந்தது. அதற்குப் பிறகு அந்த இடத்தை லாரி வகை வண்டிகளுக்கு மாற்றினார்கள், அவற்றில் லாபம் அதிகம். 1975 சட்டத்தின் கீழ் லாரி வகைக்கு இலக்கு தனி, அதுவும் குறைவு. குடும்பத்தோடு போகும் வண்டியையும் லாரிச் சட்டகத்தின் மேல் கட்டினால் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். இன்று அதே ஆர்லிங்டனில் ஷெவர்லே சபர்பன் செய்கிறார்கள். நீளம் ஏறத்தாழ 226 அங்குலம், 1976 கேப்ரிஸைவிட ஏறத்தாழ மூன்று அங்குலம் கூடுதல். பின்கதவுக் கண்ணாடி இறங்குகிறது.